பாதிக் குதிரை

துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றி, பச்சைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டுதான் மாமனார் அந்தத் துப்பாக்கி விற்கும் கடைக்குள் நுழைந்தார். பெற்ற மகனைக் கொன்ற துப்பாக்கிக்கு அவ்வளவு மரியாதை. அவர் சட்டை நுனியைப் பிடித்தபடி என் மகள். வேண்டாத விருந்தாளியாகப் பின்னால் நான். ஏதாவது கையெழுத்து வேண்டியிருக்கும் என்றுதான் என்னையும் கூட்டிவந்தார்.

போன வருஷம் இது வெடித்துத்தான் என் கணவர் செத்தார். அன்று காலை நான் அவரைத் திட்டியது உண்மை. துப்பாக்கி மாட்டியிருந்த ஆணி ஆடிக்கொண்டிருந்தது. "ஒரு ஆணிய ஒழுங்கா அடிக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்கு இருக்க?" என்று கத்தினேன். எந்த வீட்டில்தான் கத்தவில்லை? கொஞ்ச நேரத்தில் கூடத்தில் வெடிச்சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் ஸ்டூல் கிடந்தது, துப்பாக்கி கிடந்தது, அவரும் கிடந்தார்.

போலீஸ்காரர்கள் எதையும் அடித்துச் சொல்லாமல் கேஸை மூடிவிட்டார்கள். மாமனார் மூடவில்லை. "பொண்டாட்டி வாய் தாங்காம என் புள்ள சுட்டுக்கிட்டான்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்டுக் கேட்டே என் எட்டு வயது மகள் தலைவாரிக்கொள்ளக்கூட என்னிடம் வருவதில்லை. சாப்பாடு, தூக்கம், பாடம் எல்லாம் தாத்தாவிடம்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பெற்ற பிள்ளையை எட்ட நின்று பார்ப்பது எப்படிப்பட்ட கொடுமை என்று எனக்குத்தான் தெரியும். அப்பா தானாகச் சாகவில்லை என்று யாராவது அவளிடம் சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கிக் கிடந்தேன்.

போலீஸிலிருந்து துப்பாக்கி திரும்பி வந்தபோது அதை மறுபடி சுவரில் மாட்ட மாமனாருக்கே கை வரவில்லை. விற்றுவிடலாம் என்றார். ஆனால் அவருடைய தாத்தா காலத்துச் சொத்தாயிற்றே, சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியாதாம். முதலில் மதிப்பு தெரிய வேண்டுமாம்.

கடையில் கம்பி போட்ட ஒரே ஜன்னல். மேஜைமேல் பச்சைத் துணி, அதன்மேல் எண்ணெய்க் கறை. கடைக்காரர் போர்வையைப் பிரித்து, சின்ன டார்ச்சை வைத்துக் குழலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கட்டை அருமையான மரம். குழலும் பளிச்சுன்னு இருக்கு. நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க ஐயா."

மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. "ஞாயித்துக்கிழமை ஆனா நானேதான் துடைப்பேன். வேற யாரையும் தொட விட மாட்டேன்" என்றார்.

குழலுக்குப் பின்னால் சின்னச் சுத்தியல்போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் குதிரை என்று பெயர். முழுக்க இழுக்காமல் பாதி இழுத்து நிறுத்திவிட்டால் விசையை அமுக்கினாலும் வெடிக்காது, பத்திரம் என்று மாமனார் எப்போதும் சொல்வார். கடைக்காரர் அப்படி நிறுத்தி, அடிக்கட்டையை ஒரு சாண் தூக்கி மேஜையில் தட்டினார்.

டக்கென்று குதிரை விழுந்தது.

அவர் முகத்தைச் சுளித்து மறுபடி நிறுத்தித் தட்டினார். மறுபடியும் விழுந்தது.

"போச்சு. உள்ள பல்லு தேஞ்சுபோச்சு, பாதிக் குதிரை நிக்க மாட்டேங்குது. விசையத் தொடவே வேணாம், கீழ விழுந்தாலே வெடிச்சிரும்." கட்டையைத் திருப்பிக் காட்டினார். "இந்தா, புதுசா விரிசல் வேற. யாரோ கைதவறிப் போட்டிருக்காங்க. இது விலைபோகாது ஐயா."

"போலீஸ்ல பாத்தாங்களேண்ணே?" என்று கேட்டேன்.

"வெடிக்குதான்னு பாத்திருப்பாங்கம்மா. தானா வெடிக்குதான்னு யாரு பாக்குறா?"

கைதவறி. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காலில் விழலாம் போலிருந்தது. 'காதுல விழுந்துச்சா மாமா?' என்று கேட்க நாக்கு துடித்தது.

எங்கள் கதை தெரியாத கடைக்காரர் சிரித்தபடி சொன்னார்: "நல்லவேளை, தோட்டா போட்டு மாட்டியிருக்க மாட்டீங்க. அந்தக் கிறுக்குத்தனத்த எவன் பண்ணுவான்?"

என் மகளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க தாத்தா போட்டுத்தான் மாட்டுவாரு! காலியா மாட்டுறதுக்கு ஒட்டடைக் கம்ப மாட்டலாம்னு சொல்லுவாரு."

கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. மாமனார் போர்வையை இழுத்துத் துப்பாக்கியை மூடினார். என் தலையில் கட்டிய பழி அவர் தலைக்கே போய்விட்டது. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மகள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். தாத்தாவின் சட்டையை விட்டாள்.

"அப்ப அப்பா வேணும்னே சுட்டுக்கலையாம்மா?"

"இல்லடி கண்ணு. கைதவறிடுச்சு."

அவள் என்னிடம் வந்தாள். ஒரு வருஷம் கழித்துத் தானாக வந்தாள். வாரி அணைத்துக்கொண்டேன். என் வயிற்றில் முகம் புதைத்தபடி அவள் மெல்லக் கேட்டாள்:

"தாத்தா துடைச்சு முடிச்சதும் நான்தானேம்மா டப்பாலேருந்து தோட்டா எடுத்துக் குடுப்பேன்? அப்ப நானாம்மா?"

அவள் முகத்தை நிமிர்த்திப் பிடித்தேன்.

"ஐயோ, இல்லவே இல்லடி! அம்மாதான். அம்மா அன்னிக்கு அப்பாவக் கண்டபடி திட்டினேன்ல, அதனாலதான். தாத்தா சொன்னதுதான் நிஜம். இந்தக் கடைக்கார மாமாவுக்கு ஒண்ணும் தெரியல."

அவள் நம்பவில்லை. எப்போதும்போல் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பேச்சுக்காக அந்த மனுஷனை இத்தனை நாள் வெறுத்தேனோ, அதை இன்னும் ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று நானும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.