நான்கு விரல் கோணல்

ஆட்டத்தின் அறுபத்து மூன்றாவது நிமிடத்தில் திரையில் இழுக்கப்பட்ட நீலக் கோடு, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் மைதானத்தின் தரையில் கிடந்தது. ஒரு விரல் அகலம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தார்கள், தின்னர் ஊற்றினார்கள். தின்னர் அந்த வாரம் விலை ஏறியிருந்ததால் பாதி டின்னோடு நிறுத்திக்கொண்டார்கள். புல்லை மண்ணோடு தோண்டி எடுத்தால் குழியின் அடியிலும் கோடு தெரிந்தது. மறுநாள் காலைக்குள் அது மதில் சுவரில் ஏறி இறங்கி, பேருந்து நிலையச் சாலையைக் கடந்து, எதிரே இருந்த சலூனுக்குள் புகுந்து, மூன்றாவது நாற்காலிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. சலூன்காரர் அந்த நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

நடந்தது இதுதான். முதல் பிரிவில் நீடிக்க ஊர் அணிக்கு அன்று ஒரே ஒரு கோல் வேண்டியிருந்தது. குதிரை என்று ஊரே கூப்பிடும் முன்கள ஆட்டக்காரர் அதைப் போட்டார். பந்து உதைபடும் நொடியில், கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளரைத் தாண்டி ஆள் நிற்கக் கூடாது, நின்றால் ஆஃப்சைடு. அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே ஓரத்தில் நின்ற கொடிக்காரர் கொடியைத் தூக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை கொடி பிடிப்பவர். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் அறையின் எந்த மூலை பிசகு என்று சொல்லிவிடுவார். பிறகு மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் அதையேதான் காட்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கொடியை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அதனால் பன்னிரண்டாயிரம் பேரும் தைரியமாகக் கத்தினார்கள். அப்போது நடுவர் காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியின்மேல் விரலை வைத்துக்கொண்டார். ஆறு நிமிடம் அப்படியே நின்றார். கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள் விடவும் தெரியாமல் இறுக்கவும் தெரியாமல் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். வேறெங்கோ ஜன்னல் இல்லாத அறையில், ஏசி காற்றில், பிஸ்கட் தின்றுகொண்டே ஒருவர் காட்சியை நிறுத்தினார், ஓட்டினார், திரும்ப நிறுத்தினார், தடுப்பாளரின் முழங்காலைத் தொட்டு ஒரு கோடு இழுத்தார். குதிரையின் கால் கட்டைவிரல் நகம் கோட்டைத் தாண்டியிருக்கிறது என்றார். கோல் இல்லை. ஒரு நகம்! எழுதும்போதே எனக்கு வாய் கசக்கிறது. அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் கொடிக்காரர் மைதானத்துக்குள் நுழைந்தார். நூலைக் கட்டினார், டேப்பை விரித்தார். கோல்கோட்டிலிருந்து இந்த முனையில் பதினான்கு மீட்டர், அந்த முனையில் பதினான்கு மீட்டரும் நான்கு விரலும். கோடு கோணல். குனிந்து பார்த்தபோது காரணமும் தெரிந்தது. மைதானத்துப் புல்லைப் பட்டை பட்டையாக வெட்டுகிறவர், சனிக்கிழமை பல்வலியோடு இயந்திரத்தைத் தள்ளியதில் பட்டைகள் லேசாக ஒதுங்கியிருந்தன. அறையில் இருந்தவர் கோல்கோட்டுக்கு இணையாக இழுக்க வேண்டிய கோட்டைப் புல் பட்டையின் ஓரத்தைப் பார்த்து இழுத்திருந்தார். நேராக இழுத்திருந்தால் குதிரை இரண்டு விரல் உள்ளே. கோல்தான்.

இதைச் சொல்லத்தான் கொடிக்காரர் கால்பந்துச் சங்கச் செயலாளரிடம் போனார். செயலாளர் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"திரையில வந்தாச்சே அண்ணே. திரை பொய் சொல்லுமா?"

"திரை எங்க சொல்லுச்சு? இழுத்த ஆளு சொல்றாரு. அவரு புல்லைப் பாத்து இழுத்திருக்காரு. வாங்க, நூல் பிடிச்சுக் காட்டுறேன்."

"நூலா!" என்று செயலாளர் சிரித்தார். பிறகு ஒரு தாளை நகர்த்தினார். என் கண் பிசகிவிட்டது, கோடு சரி என்று அதில் தட்டச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமும் கொடி, போடாவிட்டால் இல்லை. கொடிக்காரர் கொடியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். "பிசகினது என் கண்ணில்ல, அதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" என்று மனைவியிடம் கேட்டார். "நீங்க பாத்தா சரியாத்தாங்க இருக்கும்," என்றாள் அவள். ஊரில் அப்படிச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

ஆனால் அளந்து பார்க்கிற கிறுக்கு வேறு யாருக்காவது பிடித்துவிட்டால் என்ன செய்வது? கோட்டை அழிக்க முடியாது. தப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் வராது. சங்கம் கூடிப் பேசி, கோல் கம்பங்களைப் பிடுங்கி, கோட்டுக்கு இணையாக நான்கு விரல் திருப்பி நட்டது. எதிர்க் கோலையும் திருப்பினார்கள். மைதானம் திரும்பிய பிறகு பார்வையாளர் மேடை கோணலாகத் தெரிந்தது. அதையும் இடித்துக் கட்டினார்கள். பிறகு நகராட்சி சாலையைத் திருப்பியது, சாலைக்கேற்ப மதில்கள், மதில்களுக்கேற்ப வீடுகள். மூன்றாவது வருடம் பள்ளிக்கூடங்களில் மூலைமட்டங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு புதியவை கொடுத்தார்கள். ஆறாவது வருடத்தில் மனிதர்களும் திரும்பிவிட்டார்கள். நேரே பார்த்துக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி நடந்தார்கள், யாரும் யார்மேலும் முட்டவில்லை. சீ என்று துப்பத் தோன்றியது எனக்கு. துப்பினேன். எச்சில்கூட நான்கு விரல் தள்ளித்தான் விழுந்தது.

கொடிக்காரர் வீடு மட்டும் திரும்பவில்லை. நகராட்சி அனுப்பிய ஆட்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார். வேலையும் போயிற்று, அவர் ஒட்டிய தரை நேராக இருக்கிறது என்று வீட்டுக்காரர்கள் பெயர்க்கச் சொன்னார்கள். வீட்டுக்கு விருந்தாக வந்தவர்கள் அவர் கூடத்தில் இரண்டடி வைப்பதற்குள் தலை சுற்றி உட்கார்ந்தார்கள். கட்டிக்கொடுத்த மகள் வாசலோடு நின்றுகொண்டு, "அப்பா, கடல்ல போற மாதிரி இருக்குப்பா, நீங்களே வெளியில வாங்க," என்பாள். அவர் போய் வாசல் படியில் உட்கார்ந்து பேசுவார். பரவாயில்லை, உள்ளே நாங்கள் இரண்டு பேர் நேராக இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பில்தான் அவர் காலம் ஓடியது.

எட்டாவது வருடம் மகள் பிரசவத்துக்காக மனைவி போய் நான்கு மாதம் இருந்தாள். திரும்பி வந்த அன்று பையை வாசலில் வைத்துவிட்டு ஆசையாக உள்ளே வந்தாள். கூடத்தின் பாதியில் அவள் கால் ஒரு பக்கமாக இழுத்தது. சுவரைப் பிடித்தாள். பிடித்தபடியே, அவர் மணமான வருடம் ஒட்டிய வெள்ளை டைல்ஸ்மேல் வாந்தி எடுத்தாள். "எனக்கு ஒண்ணுமில்லைங்க, பஸ்ல வந்த அலுப்பு," என்றாள். மறுநாள் காலையிலும் எடுத்தாள். அடுத்த நாள் சமையலறைக்குத் தவழ்ந்து போனாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அழுகிற சத்தம் வெளியே வராமல் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். கொடிக்காரர் ஈரத்துணியால் தரையைத் துடைத்தார், துடைத்த தரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு உளியையும் சுத்தியலையும் எடுத்தார். கூடத்தைப் பெயர்க்க இரண்டு நாள், சுவரைத் தட்டித் திருப்ப ஐந்து நாள், டைல்ஸ் ஒட்ட மூன்று நாள் ஆயிற்று. நகராட்சியிலிருந்து வந்து பார்த்தவர்கள் இவ்வளவு சுத்தமாகக் கோணல் வைத்த வீடு ஊரிலேயே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சிமெண்ட் காய்ந்த அன்று மனைவி வாசலிலிருந்து எதையும் பிடிக்காமல் நடந்து சமையலறைக்குப் போனாள், குடத்தை எடுத்தாள், திரும்பி வந்தாள். வாந்தி வரவில்லை. அவள் முகத்தில் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு இருந்தது.

"இப்ப நேரா இருக்குங்க," என்றாள்.

கொடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆமா," என்றார்.