துணையில்லாமல் திருவாதவூருக்கு

என் பெரியண்ணா ஹாலாஸ்யம் சூலம் பார்க்காமல் கொல்லைப்புறத்துக்குக்கூடப் போகமாட்டார். அப்பேர்ப்பட்டவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வேலை பார்க்கும்படி சர்க்கார் என் மன்னிக்கு உத்தரவு போட்டது. சர்க்காருக்குப் பெரியண்ணாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு உத்தரவு போட்டிருக்கும்.

மன்னி வாலாம்பாள், என் சின்னண்ணா சிவசங்கரனின் மனைவி. மதுரையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தாள். முப்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் அவளுக்கு இன்ஸ்பெக்டரஸ் வேலை கிடைத்தது. மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் உள்ள பெண் பள்ளிக்கூடங்களை நேரில் போய்ப் பார்த்துவர வேண்டும். வேலை தற்காலிகம்தான். பங்குனி முடிவதற்குள் அத்தனை பள்ளிகளையும் பார்த்துவிட்டால் நிரந்தரம். ஒரே ஒரு பள்ளி பாக்கி நின்றாலும் பழையபடி மூன்றாம் வகுப்பு. மன்னிக்கு முன்னால் இந்த வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் பாக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள்தான்.

என் அகத்துக்காரர் ரங்கூனில் உத்தியோகத்தில் இருந்ததால் நான் அப்போது வடக்கு ஆவணி மூல வீதியில் பிறந்தகத்திலேயே இருந்தேன். எங்கள் வீட்டில் யார் எதற்கு ஆசைப்பட்டாலும் அதை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் கிடையாது. சொன்னால் பலிக்காதாம். மன்னி சொன்னாள். எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே, யாரும் கேட்காமலேயே, "பங்குனிக்குள்ள ஒண்ணுவிடாம பார்த்துடப்போறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சின்னண்ணா சந்தோஷத்தில் இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். பெரியண்ணா இலையைவிட்டுத் தலை நிமிரவில்லை.

விதி என்ன என்றால், பெண் அதிகாரி சுற்றுப்பயணம் போகும்போது வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் துணை போக வேண்டும். சின்னண்ணா ரயில்வே குமாஸ்தா. அவருக்கு லீவு கிடைக்காது. பெரியண்ணா மனைவியை இழந்தவர், கோயில், பஞ்சாங்கம், பகல் தூக்கம் என்று இருப்பவர். அவரைவிட்டால் ஆள் இல்லை.

மேலூர் எங்களுக்கு வடகிழக்கே இருக்கிறது. திங்களும் சனியும் கிழக்கே சூலம், அந்தப் பக்கம் பயணம் ஆகாது. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வடகிழக்கு என்றால் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது பெரியண்ணாவின் கட்சி. ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாது. மீதி வியாழனும் வெள்ளியும். வெள்ளிக்கிழமை ராகுகாலம் முன்பகலில் வந்து தொலைக்கிறது. அது கழிந்து கிளம்பினால் போய்ச் சேருவதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிடும். ஆக, வாரத்துக்கு ஒரே ஒரு வியாழக்கிழமை. தயிர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கிழக்குச் சூலத்துக்குப் பரிகாரம் உண்டே என்று மன்னி என்னைவிட்டுக் கேட்கச் சொன்னாள். அதெல்லாம் சாவு சமாசாரத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நன்றாகத் திட்டலாம்.

மார்கழி முடிகிறபோது பாதிப் பள்ளிகள்கூட ஆகவில்லை. தை பிறந்ததும் அறுவடை வந்தது. வண்டிமாடுகளெல்லாம் நெல்லடிக்கப் போய்விட்டன. வியாழக்கிழமைக்கும் வண்டி கிடைக்கவில்லை. மன்னி இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் தேய்த்த பாத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். பித்தளையில் ஓட்டை விழாதது ஆச்சரியம்.

ஒருநாள் சின்னண்ணாவின் சைக்கிளைக் காட்டி, "இதை ஓட்டக் கத்துக்கறேன்" என்றாள். சின்னண்ணா ஆபீசுக்குப் போகிற சைக்கிள் அது. அதை அவர் சுவாமி விக்கிரகம் மாதிரி துடைத்து வைத்திருப்பார். கொஞ்ச நேரம் சைக்கிளையும் மன்னியையும் மாறி மாறிப் பார்த்தவர், சரி என்று தலையாட்டினார். என் சின்னண்ணாவை எனக்கு அன்றிலிருந்துதான் ரொம்பப் பிடிக்க ஆரம்பித்தது.

பொழுது விடிந்தும் விடியாமலும் ஆற்றுப் பாலம் தாண்டித் தமுக்கம் மைதானத்துக்குப் போனோம். சின்னண்ணா பின்னால் பிடித்துக்கொள்ள, மன்னி ஏறப் பார்த்தாள். ஆண்பிள்ளை சைக்கிள், நடுவே குறுக்குக் கம்பி. மன்னி கட்டியிருந்தது ஆறு கஜம். டிரெயினிங் பள்ளியில் எல்லோரும் ஆறு கஜம்தான் கட்டினார்கள் என்பதால் வேலைக்குப் போன நாளிலிருந்து அவளும் மடிசாரை விட்டுவிட்டாள். வேலை பார்க்கிற பெண்ணுக்கு அதுதான் அழகு என்று அவளுக்கு ஒரு எண்ணம். அதைச் சொல்லியே பெரியண்ணா வருஷக்கணக்காக முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

ஆறு கஜத்தைத் தூக்கிச் செருகினாலும் காலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் போட முடியவில்லை. எப்படியோ ஏற்றிவிட்டோம். நாலு முழம் போவதற்குள் கொசுவம் செயினில் மாட்டிக்கொண்டது. மன்னி சைக்கிளோடு சாய்ந்தாள். முழங்கை சிராய்த்து, புடவை கிழிந்து, செயின் மசகு அப்பி, பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாளும் போனோம். அன்றும் அதே கதை. மூன்றாம் நாள் மன்னி எழுந்திருக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள்தான் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அந்த வாரத்தில் அப்பாவின் திவசம் வந்தது. திவசச் சமையலுக்கு ஆறு கஜம் ஆகாது. மன்னி குளித்து, பெட்டியிலிருந்து ஒன்பது கஜத்தை எடுத்து மடிசார் கட்டிக்கொண்டாள். பரணிலிருந்து பெரிய உருளியை இறக்க வேண்டியிருந்தது. மன்னி ஒரு காலை ஏணியில் வைத்து, மறுகாலை எட்டி அம்மி மேடையில் ஊன்றி, உருளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அப்படியே நின்றுவிட்டாள். பிடிப்புத் தவறுகிறதோ என்று நான் ஓடினேன். அவள் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவை இரண்டு காலையும் தனித்தனியாகச் சுற்றி, பின்னால் இறுக்கமாகச் செருகியிருந்தது. எங்கேயும் தொங்கவில்லை, எங்கேயும் தடுக்கவில்லை.

"ஜானு, சைக்கிள் எங்க இருக்கு?" என்றாள் என்னிடம்.

திவசம் முடியும்வரை சைக்கிளைத் தொட்டால் மடி போய்விடும். அன்றைக்குப் பிராமணாள் சாப்பிட்டு எழுந்திருக்கக் காத்திருந்த மாதிரி நான் என் கல்யாண முகூர்த்தத்துக்குக்கூடக் காத்திருந்ததில்லை. அவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் மன்னி கொல்லைப்புறத்துக்கு ஓடினாள். கிணற்றடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவில் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் பின்னால் பிடித்தேன். கொட்டில் சுவரில் போய் முட்டினோம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பசு மிரண்டு எழுந்துவிட்டது.

சத்தம் கேட்டுப் பெரியண்ணா வந்தார். பார்த்தார். வாயைத் திறந்தார். எதைச் சொல்லித் திட்டுவது? மடிசார் கட்டு, மடிசார் கட்டு என்று இத்தனை வருஷம் சொன்னவர் அவர்தானே. கடைசியில், தெருவில் ஓட்டினால் குடும்ப மானம் போய்விடும், பாலம் தாண்டும்வரை தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னி அதற்கு ஒத்துக்கொண்டாள். அவளுக்கு வேண்டியது பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

சில நாள் தமுக்கத்தில் ஓட்டிப் பழகிவிட்டு, மாசி முழுக்கத் திங்கள், செவ்வாய், புதன் என்று பார்க்காமல், துணைக்கும் காத்திராமல் போனாள். விடியற்காலையில் சின்னண்ணா பாலம்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார், அங்கிருந்து ஆபீசுக்கு நடந்தே போய்விடுவார். மன்னி ஒத்தக்கடை, அதற்கப்பால் உள்ள ஊர்கள் என்று ஒவ்வொன்றாக முடித்தாள். யானைமலை கண்ணுக்குத் தெரிகிறவரை வழி தப்பாது என்பாள். முகம் கறுத்தது. பசி எடுத்தது. இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் மோர் இருக்கிறதா என்று கேட்பாள். அந்த மன்னியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பங்குனிக் கடைசியில் திருவாதவூர் மட்டும் பாக்கி. இருந்ததிலேயே வழி மோசமான ஊர் அதுதான். கெடு முடிய ஒரே ஒரு நாள்தான் மிச்சம், அதுவும் கிழக்கே சூலமான திங்கட்கிழமை. மன்னி கிளம்பிப் போனாள். வெயில் நெருப்பாய்க் கொட்டியது. ஒத்தக்கடை தாண்டிக் கிளைப்பாதையில் திரும்பியதும் ஒரே மணல். ஓட்டியதும் தள்ளியதும் சரிபாதி. கண்மாய்க் கரை ஏறும்போது முள் குத்திப் பின்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. மீதி வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே நடந்தாள். பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஊர் எல்லையில் முத்துத்தாய் என்று ஒரு குடியானவர் வீட்டுப் பெண் களத்தில் எள் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்துவிட்டு, மன்னிக்குப் பின்னால் பாதையை எட்டி எட்டிப் பார்த்தாளாம்.

"கூட வந்த ஆம்பளையாளு எங்கத்தா? பின்னாடி வாராகளா?"

"யாரும் வரலை. துணை வரட்டும்னு காத்துண்டு உட்கார்ந்திருந்ததுல பாதி வருஷம் போயிடுத்து. அதான் நானே வந்துட்டேன்" என்றாள் மன்னி.

முத்துத்தாய் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏ தங்கப்பொண்ணு, இங்க வா" என்று கூப்பிட்டாள். அவளுடைய பத்து வயது மகள் வந்து நின்றாள். "கண்மாயத் தாண்டிப் பள்ளிக்கூடம். கூட்டிட்டுப் போக ஆளு இல்லையின்னு இவள நிப்பாட்டி வச்சிருந்தேன். இம்புட்டுத் தூரம் நீங்க ஒத்தையில வந்திருக்கீக. இவ இந்தா இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டாளா? கூட்டிட்டுப் போங்க. நாளையிலருந்து அவளாவே போவா."

அப்படியாகத் திருவாதவூர்ப் பள்ளிக்கூடத்தைப் பார்வையிடப் போன இன்ஸ்பெக்டரஸ், ஒரு புதுப் பிள்ளையையும் சேர்த்துவிட்டு வந்தாள். ஊரில் யாரோ முள்ளைப் பிடுங்கி ஓட்டை அடைத்துக் காற்றடித்துக் கொடுத்தார்கள். பாலத்துக்கு அவள் திரும்பி வந்தபோது சின்னண்ணா ஆபீஸ் விட்டு வந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தார். முடிந்தது என்று மன்னி சொன்னதும் அவருக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்ததாம்.

மறுநாள் மன்னி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலதிகாரி அம்மாளைப் பார்க்கப் போனாள். அந்த அம்மாள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எல்லாப் பள்ளிகளும் ஆகிவிட்டன என்பதை நம்பாமல் ஒவ்வொரு ஊராகக் கேட்டார். மன்னி ஒவ்வொன்றாகச் சொன்னாள்: எந்தப் பள்ளிக்கூடத்தில் கூரை ஒழுகுகிறது, எங்கே கரும்பலகை இல்லை, எந்த ஊரில் டீச்சர் நன்றாகப் பாடுகிறாள். கடைசியில் அந்த அம்மாள், விதிப்படி துணைக்கு வந்தவர் பெயரைச் சொல்லும்படி கேட்டார். என் பெரியண்ணா பெயரைச் சொல்லியிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நானாயிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"துணைக்கு யாரும் வரலை. நானேதான் போயிட்டு வந்தேன்" என்றாள் மன்னி.

அந்த அம்மாள் எழுந்து ஜன்னலுக்குப் போய், வெளியே சாய்த்திருந்த சைக்கிளை நெடுநேரம் பார்த்தார். வந்து உட்கார்ந்தவர், துணை வேண்டும் என்கிற விதியை மாற்றும்படி மேலே எழுதப்போவதாகச் சொன்னார். வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டுச் சிரித்தார்.

அன்றைக்கு மன்னி வெளியே வந்து, சைக்கிளைத் தள்ளவில்லை. ஆபீஸ் வாசலிலேயே ஏறினாள். நான் பூ வாங்கத் தெருமுனையில் நின்றிருந்தேன். மாசி வீதிப் பக்கமிருந்து சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. ஜவுளிக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வண்டிக்காரர்கள் மாட்டை ஒதுக்கினார்கள். பளிச்சென்று மடிசார், நெற்றியில் குங்குமம், வெயிலில் கறுத்த முகம், நிமிர்ந்த முதுகு. அவசரமே இல்லாமல் மன்னி ஆவணி மூல வீதிக்குள் திரும்பினாள். பூவையும் காசையும் கடையிலேயே விட்டுவிட்டு நான் பின்னால் ஓடினேன். நடுத்தெருவில் ஓடுகிறோமே என்ற வெட்கம் எனக்கு வரவேயில்லை.

வீட்டு வாசற்படியில் பெரியண்ணா நின்றிருந்தார், வாசலை அடைத்துக்கொண்டு. எங்கள் வீட்டு மருமகள்கள் புருஷனின் அண்ணாவிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. எது கேட்பதானாலும் என் மூலமாகத்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மன்னியின் குரல் அவரை நோக்கி ஒருதரம்கூடப் போனதில்லை. மன்னி இறங்கினாள். நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, வழக்கம்போல் அவள் சொல்வதை எடுத்துச் சொல்லக் காத்து நின்றேன். மன்னி என்னைப் பார்க்கவில்லை.

"வேலை நிரந்தரமாயிடுத்து. கொஞ்சம் நகர்ந்துக்கோங்கோ, வண்டியை உள்ளே ஏத்தணும்" என்றாள், அவரையே பார்த்து.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியண்ணா நகர்ந்தார். நகர்ந்ததோடு நிற்கவில்லை, மன்னி முன்சக்கரத்தைப் படியேற்றியபோது, குனிந்து பின்சக்கரத்தை அவரே தூக்கிவிட்டார்.