கீறல் விழுந்த வடை

மரகதம் மெஸ்ஸில் பரிமாறும் முறை மாறிய நாளிலிருந்து வேலுசாமிக்கு மனசு சரியில்லை. வெலிங்டனில் பட்டாளத்து ஆபீஸ் ஒன்றில் அவர் குமாஸ்தா. மனைவி போன பிறகு மத்தியானச் சாப்பாடு கடைவீதியில் இருந்த அந்த மெஸ்ஸில்தான். இத்தனை வருஷமாக அங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. உட்கார்ந்தால் இலை விழும், இலையில் சோறு விழும், போதும் போதும் என்று கையால் மறைத்தால் விரலிடுக்கிலும் ஒரு கரண்டி விழும். இப்போது என்னடா என்றால் வாசலில் ஒரு பலகை: 'வேண்டியதைக் கேட்டு வாங்குங்க. வாங்கினதை மிச்சம் வைக்காதீங்க.' முதலில் அரைக் கரண்டிச் சோறு. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் "வெக்கட்டுங்களா?" என்று ஒரு கேள்வி. சாப்பிட உட்கார்ந்தவனைப் பார்த்து வேணுமா என்று கேட்கிறவனுக்குப் போட மனசில்லை என்று அர்த்தம். வேலுசாமி அப்படித்தான் வளர்ந்தவர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வருகிற அரிசியும் காயும் பாதிக்குப் பாதி எச்சில் தொட்டிக்குப் போகிறது, பார்க்க வயிறு எரிகிறது என்று மெஸ்காரி மரகதம் காரணம் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வேலுசாமியும் ஆட்டினார், ஆனால் நம்பவில்லை. கடை நடத்துகிறவர் நல்ல காரணம் ஒன்று சொன்னால் அதற்குப் பின்னால் வேறொன்று ஒளிந்திருக்கும் என்று நினைக்கிற ரகம் அவர்.

வேறு சமயமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பார். அந்த மாசம் அவருடைய ஒரே மகளுக்கு நிச்சயதார்த்தம். கோயம்புத்தூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமையல் பொறுப்பை மரகதத்திடம்தான் கொடுத்திருந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தியில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவர் என்று கேள்வி. தாயில்லாத பெண். உப்பு ஒரு கல் கூடினாலும் 'அம்மா இருந்தா இப்படி ஆகுமா' என்பார்கள். அந்தப் பேச்சு மகள் காதில் விழக் கூடாது. வேலுசாமிக்கு அது ஒன்றுதான் கவலை.

இப்படி இருக்கையில் ஒரு நாள் கை கழுவப் போனவர் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டார். எச்சில் இலைத் தொட்டிக்கு முன்னால் மரகதம் குனிந்து நின்றாள். மடித்துப் போட்ட இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே உற்றுப் பார்த்தாள். ஓர் இலையிலிருந்து எதையோ எடுத்து விரலால் அமுக்கியும் பார்த்தாள். வேலுசாமி கதவோரம் ஒதுங்கிக்கொண்டார். அரைக் கரண்டிக்குக் காரணம் இதுதானா? மிச்சம் வைத்ததை எடுத்து மறுபடியும் நம் இலையிலேயே போடுகிறாளா?

சாட்சி இல்லாமல் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை அவர். கண்ணி வைத்தார். மறுநாள் தன் வடையைத் திருப்பி, அடியில் நகத்தால் பெருக்கல் குறி போட்டார். வாய் வைக்காமல் முழுசாக இலைக்குள் வைத்து மடித்தார். முழு வடை என்றால்தானே எடுத்து வைக்கத் தோன்றும். அடுத்த நாள் இலையில் வந்த வடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறி இல்லை. அதற்கும் ஒரு கீறல் போட்டு மடித்தார். இப்படியே தினமும் ஒன்று. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. வேறொருவராக இருந்தால் அத்தோடு நிம்மதி அடைந்திருப்பார். சாயந்திரம் வருகிறவர்களுக்குச் சாம்பாரில் ஊற வைத்துக் கொடுக்கிறாள், கெட்டிக்காரி என்று வேலுசாமி முடிவு கட்டினார். அவரோடு ஆபீஸில் வேலை பார்க்கும் மோசஸ், அவ்வளவு சந்தேகம் என்றால் வேறு கடைக்குப் போக வேண்டியதுதானே என்று கேட்டதற்கு, போய்விட்டால் எப்படிப் பிடிப்பது என்றார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை இலையில் வடையே வரவில்லை. நாம் மோப்பம் பிடித்தது தெரிந்துவிட்டது, நிறுத்திவிட்டாள் என்று உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு, அவர் நேராக அடுக்களைக்குள் போனார்.

மரகதம் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"வடைய நிறுத்திப்போட்டேனுங்க. உங்களுக்காகத்தான். பலகை வெச்சப்புறம் எல்லா எலையும் வரவரக் காலியா வருதுங்க. எலை எடுக்கற பையன் சொன்னான், நீங்க ஒக்கார்ற ஓரத்து எலையில மட்டும் முழுசா ஒரு வடை. அதும் வெந்துச்சான்னு நகத்துல கீறிப் பாத்துட்டு வெச்சிருக்கீங்க. பொண்ணப் பெத்தவருக்கே புடிக்காத வடைய சம்பந்திக்கு எப்படிப் போடறதுங்க? விருந்துல எதச் சேக்கறது, எத விடறதுன்னு பாக்கத்தான் தெனமும் எலையப் பிரிச்சேன்."

வேலுசாமி அடுக்களையைச் சுற்றிப் பார்த்தார். வடை மாஸ்டர் சுடலைமணியைக் காணோம். எங்கே என்று கேட்டார்.

வடை வேகவில்லையா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாளாம். மெஸ் திறந்த நாளிலிருந்து அந்த அடுப்படியில் நின்ற மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொந்த ஊரான தேவாலாவுக்குப் பஸ் ஏறிவிட்டாராம்.

வேறு வழியில்லை. வேலுசாமி கண்ணி வைத்த கதையைச் சொன்னார். அப்பளம் கருகியது. மரகதம் அவரையே பார்த்தாள்.

"அப்படி நெனச்சுக்கிட்டேவா தெனமும் இங்க வந்து சாப்ட்டீங்க?"

கருகிய அப்பளத்தை எடுத்து எறிந்தாள்.

"ஞாயித்துக்கெழம பந்தியில வடை இருக்காதுங்க. அவரு மாதிரி சுடறதுக்கு எனக்கு ஆள் கெடையாது. ஏன் இல்லைன்னு கேட்டா நீங்களே சொல்லிக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா கேட்டார். பாயசம் பாதி இறங்கும்போது, வடை இல்லாத விருந்தைத் தான் பார்த்ததே இல்லை என்று சத்தமாகவே சொன்னார். மாஸ்டருக்குக் காய்ச்சல் என்று வேலுசாமி தப்பித்திருக்கலாம். பாயச வாளியோடு மரகதம் பக்கத்தில் நின்றாள். அவமானத்தில் காது சுட, ஆதியோடு அந்தமாகச் சொல்லி முடித்தார்.

பெரியப்பா இலையை விட்டு நிமிர்ந்தார். "பொண்ணும் இப்படித்தான் தொட்டதுக்கெல்லாம் சந்தேகப்படுமுங்களா?"

பந்தியே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. பட்டுப்புடவையோடு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"நாளைக்கே தேவாலா போங்கப்பா. அந்த மாஸ்டர் மனசு வந்து அடுப்புக்குத் திரும்புன அப்புறம்தான் எனக்குக் கல்யாணம்."

இந்த ஒரு தடவை, அவள் சொன்னதை வேலுசாமி அப்படியே நம்பினார்.