எட்டு அங்குலம் போதும்

நுரையீரல் நோயால் ஓராண்டுக் காலம் புல்லாங்குழலைத் தொடாமல் இருந்தவர், அன்று மாலை மீண்டும் மேடையேற இருந்தார். மூச்சு முன்போல் நீளவில்லை. அந்த இளைப்பு அரங்கத்துக்குத் தெரிந்துவிடுமோ என்பதே அவருடைய அச்சம். ஆகவே, மைத்துனன் வண்டியில் ஏற்றி வந்திருந்த பதினைந்து அங்குல ஒலிபெருக்கிகளைக் கண்டதும் போன உயிர் திரும்பியதுபோல் இருந்தது.

"அத்தான், இதுல நீங்க இருமினாக்கூட இடி இடிக்கும்!"

"நான் இருமறதைக் கேக்கவாடா வர்றாங்க?" என்றாலும், அவர் முகம் மலர்ந்திருந்தது.

மலர்ச்சி நிலைக்கவில்லை. ஒலியமைப்பு அவர் மனைவியின் பொறுப்பு. நீண்டு, கூரை தாழ்ந்து கிடந்த அக்கூடத்தில் கையைத் தட்டி எதிரொலியைக் கேட்டபடியே கடைசி வரிசைவரை நடந்து திரும்பியவள், பெட்டிகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வண்டியில கிடக்கிற எட்டு இஞ்ச் பெட்டிங்களே போதும்டா. ரெண்டு பக்கச் சுவர்லயும் வரிசையா மாட்டு."

"அது பொம்மை மாதிரி இருக்குமேக்கா!"

குழலிசைஞருக்குச் சுருக்கென்றது. "எனக்கு இவ்ளோதான்னு முடிவே பண்ணிட்டியா?"

"பெரிசுலயும் ஒரு ஜோடியை இறக்குடா. இவர் காதே சொல்லட்டும்."

அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, ஒத்திகையில் பதிவு செய்ததை முதலில் பெரிய பெட்டிகளில் ஒலிக்கவிட்டாள். கூரையில் முட்டி, சுவரில் மோதி, ஒரு சுரத்தின் வாலை அடுத்த சுரம் மிதித்துக்கொண்டு வந்தது. குழலா, கொதிகலனா என்று வாசித்தவருக்கே விளங்கவில்லை. இரைச்சலை இசையென்று விற்பவர்களையும், காதைப் பொத்திக்கொண்டே கைதட்டுபவர்களையும் என்னவென்று சொல்வது! பிறகு சிறியவை ஒலித்தன. பக்கத்து நாற்காலியில் அமர்ந்து யாரோ வாசிப்பதுபோல் இருந்தது. ஆனால், சுரத்துக்கு முன்னே மூச்சும் கேட்டது.

"மூச்சு தெரியுதே," என்றார், தளர்ந்த குரலில்.

"தெரியட்டுமே. பக்கத்துல உக்காந்து கேக்கறவங்ககிட்ட எதை மறைக்கப் போறீங்க? ட்ரம்ஸ் அடிக்கிறவங்களுக்குத்தான் பதினஞ்சு வேணும், தொம்முனு அதிர்ற கனமான சத்தம் அதுலதான் நல்லா வரும். உங்க குழல்ல அது ஏது?"

மாலையில் கூடம் நிரம்பியது. இரண்டாம் பாட்டில் ஒரு நீண்ட வரி. நோய்க்கு முன்பு ஒரே மூச்சில் முடிப்பார். இன்று பாதி வழியிலேயே மூச்சு தீர்ந்துபோனது. குழலை உதட்டிலிருந்து எடுக்காமல் அவர் இழுத்த மூச்சு, சுவர்களில் இருந்த அத்தனை சிறு பெட்டிகளிலும் கேட்டது. எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே என்று நிமிர்ந்து பார்த்தார். கடைசி வரிசையில் இருமல் வந்த ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு நாற்காலிகூட நகரவில்லை. அந்த மூச்சு முடியட்டும் என்று கூடமே காத்திருந்தது. மிச்ச வரியை அவர் அவசரமின்றி வாசித்து முடித்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகையின் முன் நின்ற மனைவியைப் பார்த்து, இன்னும் சற்றுக் குறைக்குமாறு விரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். அருகில் நின்ற மைத்துனன் தலையில் அடித்துக்கொண்டான். அவளோ, ஏற்கெனவே குறைத்துவிட்டிருந்தாள்.