உடுப்புப் போட்டவர்களுக்கு மட்டும்

முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. சுவரோரம் ஓர் இடம் பிடித்து மனைவியை உட்காரவைத்துவிட்டு சமையற்காரர் நின்றுகொண்டார். போர் முடிந்து எத்தனையோ வருடங்கள் ஆகியும், சண்டைக்கு உடன் போனவர்களுக்கு அவர் சமையற்காரர்தான். பட்டாளத்தில் அவர் பிடித்தது கரண்டி. சண்டை நாட்களில் முழுப் படைக்கும் கஞ்சி காய்ச்சுவார்; பாதிப் பேர் திரும்பமாட்டார்கள். மிச்சத்தைக் குழிவெட்டிக் கொட்டுவார். வந்தவர்களும் இரண்டாம் தடவை தட்டை நீட்டியதில்லை.

மனைவி இருமினாள். முடிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் அவள் குண்டுத் தொழிற்சாலையில் வெடிமருந்து நிரப்பினாள். விடுப்பில் வீட்டுக்கு வந்த சமையற்காரர் கதவைத் திறந்தவளைப் பார்த்துப் பதறிப்போனார். கை, முகம், முன்நெற்றி மயிர் எல்லாம் மருந்துத் தூசி ஏறி மஞ்சள்.

"காமாலைன்னு நெனச்சு பஸ்ல ஒருத்தரும் பக்கத்துல உக்காரமாட்டாங்க. மகாராணி மாதிரி கால நீட்டிக்கிட்டு வருவேன்," என்று அவள் சிரித்தாள்.

மஞ்சள் போய்விட்டது, இருமல் போகவில்லை. இருமும்போது தையல் கோணுகிறது என்று போன வாரம் தையல் கம்பெனியில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

சீட்டு எழுதுகிற பெண் தலை நிமிர்ந்தாள். "யாருக்குங்க ஐயா?"

"இவளுக்குத்தாம்மா. குண்டுக்கு மருந்து அடைச்சவ. அந்தத் தூசி நெஞ்சுல தங்கிடுச்சுன்னு வெளியில டாக்டர் சொல்லிட்டாரு."

"இங்க உடுப்புப் போட்டவங்களுக்கு மட்டும்தான். அம்மா செஞ்சது கூலி வேலை. உங்களுக்குன்னா சீட்டு தர்றேன்."

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். மருந்து அடைச்சவளுக்கு மருந்து கெடையாதா?"

"விதி அப்படிங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் தன் பெயருக்கே சீட்டு வாங்கினார்.

"உங்களுக்கு எதுக்கு?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. யாருக்குக் குடுத்த மருந்துன்னு உன் தொண்டைக்குத் தெரியவா போகுது?"

உள்ளே இருந்த டாக்டருக்குத் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. "என்ன செய்யுது?"

சமையற்காரர் இருமிக் காட்டினார். இத்தனை வருடம் பக்கத்துத் தலையணையில் கேட்டது. சிறியதாக இரண்டு, இழுத்து ஒன்று, கடைசியில் மூச்சு சிக்கிக்கொள்வது வரை அப்படியே வந்தது. டாக்டர் அவர் சட்டையைத் தூக்கி நெஞ்சில் குழாயை வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியே அவளுக்கு நிஜ இருமல் கிளம்பியது. நிற்கவேயில்லை. டாக்டர் முகத்தைச் சுளித்துக் குழாயை இடம் மாற்றி வைத்தார்.

"ஒண்ணும் சரியாக் கேக்கல. யாரது?"

"என் சம்சாரங்க. அவதான் அந்த—"

"பேசாதீங்க ஐயா." டாக்டர் பணியாளைப் பார்த்தார். "அந்தக் கதவைச் சாத்துப்பா."

கனத்த கதவு. சாத்தியதும் சத்தம் அற்றுப்போனது.

"இப்ப மூச்ச நல்லா இழுங்க."

இழுத்தார். தடங்கல் எதுவும் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

"நல்ல நெஞ்சுங்க உங்களுக்கு," என்றார் டாக்டர், அவர் முதுகைத் தட்டிக்கொடுத்து. "குடுத்து வெச்சவரு."