வெயிலில் காய்ந்த மோதிரம்

ஜும்மாவுக்குக் குளிக்கப் போனபோது மஹ்மூது கழற்றி வைத்த வெள்ளி மோதிரத்தைக் காலிதா எடுத்து ஒளித்துக்கொண்டாள். ஆணுக்குத் தங்கம் ஆகாது என்று நிக்காஹ் அன்று போட்ட மோதிரம். ஞாயிற்றுக்கிழமை அவன் தோஹாவுக்கு விமானம் ஏறினால் திரும்பிவர இரண்டு வருடம். அதற்குள் அதில் தன் பெயரைப் பொறித்துவிட வேண்டும்.

"மோதிரத்தப் பாத்தியா புள்ள?"

"தொழுதுட்டு வாங்க மச்சான், தேடி வைக்கிறேன்."

செம்புக் கம்மல்களில் பூவும் மீனும் அரித்து விற்பது அவளுக்குப் பழகிய வேலை. படகுகளின் ஜி.பி.எஸ். பழுதுபார்க்கும் அண்ணன் ஹமீது சுல்தான், செம்பை அரிக்கும் பழுப்புக் கரைசலைக் கொடுப்பார். நெயில் பாலிஷ் பூசிய இடத்தை விட்டுவிட்டு மற்றதை அது தின்னும். தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளுச் செய்ய ஆகாதென்று அவள் நகத்தில் பாலிஷ் பூசுவதில்லை. இந்த வேலைக்கு மட்டும் மூன்று குப்பி வைத்திருந்தாள்.

ஊசி முனையால் சிவப்பில் பெயரை எழுதிக் காயவிட்டாள். கொல்லையில் கையுறை மாட்டிக்கொண்டு, தயிர் டப்பாவிலிருந்த கரைசலில் மோதிரத்தை இறக்கினாள். இருபது நிமிடம் கழித்து எடுத்தால் ஒரு பள்ளம்கூட விழவில்லை. மோதிரம் முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. கழுவித் தேய்த்தும் போகவில்லை. சுவர்மேல் வைத்துவிட்டு அண்ணனுக்கு ஃபோன் போட்டாள்.

"உள்ள பயான் பேசுறாக, சீக்கிரம் சொல்லு," என்றார் ஹமீது சுல்தான் பள்ளிவாசல் வாசலிலிருந்து. கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். "அது செம்பைத்தான் அரிக்கும். வெள்ளிமேல ஏடு மாதிரிப் படிஞ்சுரும். வெள்ளிக்கு வேற ஆசிட்டு. முக்கிட்டுக் கேக்குறியே, நிக்காஹ் முடிச்சிட்டு மாப்பிள யாருன்னு கேட்ட மாதிரி! அந்தா ஒம் மாப்பிள உள்ள உக்காந்திருக்காக, சொல்லவா?"

"ஐயோ, வேணாம் காக்கா!"

அழுகையை அடக்கிக்கொண்டு நெய்ச்சோற்றைக் கிளறினாள். ஏழு வருடமாக அவன் குளிக்கும்போது தவிரக் கழற்றாத மோதிரம்.

தொழுதுவிட்டு வந்து கால் கழுவக் கொல்லைக்குப் போன மஹ்மூதின் குரல் கேட்டது. "இங்கன காயுதே! என்ன புள்ள, கறுப்பா இருக்கு?"

ஓடிப்போய்ப் பார்த்தாள். உச்சிவெயிலில் அந்த ஏடு நன்றாகக் கறுத்திருந்தது. நடந்ததைச் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் சிவப்பை நகத்தால் சுரண்டினான். ஒரு கோடு வெள்ளையாக மின்னியது. அவள் ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பாலிஷ் மூடியிருந்த இடத்தில் ஏடு படியவே இல்லை. கறுப்புக்கு நடுவே 'காலிதா' என்று பளிச்சென்று தெரிந்தது.

மஹ்மூது மோதிரத்தைப் போட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தேஞ்சுரும் மச்சான். ரெண்டு வருசமெல்லாம் நிக்காது."

"எத்தன நாளைக்கு நிக்கும்?"

"ஆறு மாசம் இருக்குமோ என்னமோ."

"அப்ப ஆறு மாசத்துல லீவு கேக்கணும். மேனேஜர்ட்ட என்னன்னு சொல்ல?"

"பொண்டாட்டி பேரு அழிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க."

அவன் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்துக் காலண்டரைத் தள்ளிக்கொண்டே போனான்.

"நோம்புக்கு முந்தி வரவா, பெருநாளுக்கு வரவா?"