மார்த்துக்கு ஓர் இலை

எமில் துரை வயிறு நிறையச் சாப்பிட்டு வருஷக்கணக்காகிறது. ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேச அவரை விட்டால் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம். சைகோனில் ஆற்றங்கரை ஓட்டலில் தின்ற வாத்து, சிங்கப்பூரில் தின்ற நண்டு, மலாக்கா கடற்கரை ஓட்டலில் சனிக்கிழமைதோறும் அவருக்கென்று பிடித்து வைத்திருந்த மேசை, அந்த மேசைக்கு வெண்ணெய் சொட்டச் சொட்ட வந்த மீன், எல்லாவற்றையும் மணம் மாறாமல் சொல்வார். எந்த ஊரில் எந்தச் சமையல்காரன் உப்பைத் தூக்கலாகப் போட்டான் என்பதுகூட ஞாபகம் இருக்கும். மலாக்காவில் அவர் ஒண்டியிருந்த கம்போங் செட்டி என்ற குடியிருப்பில் அவருக்கு 'மக்கான் துவான்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மலாயில் மக்கான் என்றால் சாப்பாடு, துவான் என்றால் துரை. சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றுவிட்டு, பசி அடங்காத ஜனங்கள் அவரைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். காதால் தின்பதற்கு ஜப்பான்காரன் ரேஷன் போடவில்லை.

துரை பிரெஞ்சுக்காரர். குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மானேஜராக இருந்தவர். ஜப்பான்காரன் வந்ததும் ஊரிலிருந்த இங்கிலீஷ்காரர்களையெல்லாம் பிடித்துச் சிறையில் போட்டான். பிரான்சு சண்டையை விட்டு ஒதுங்கிய நாடு என்பதால், இவருக்குக் கையில் ஒரு பட்டையைக் கட்டி வெளியே விட்டுவைத்தான். பங்களாவை மட்டும் பிடுங்கிக்கொண்டான். போக்கிடம் இல்லாமல் நின்ற துரைக்கும் அவர் மனைவி மார்த்துக்கும் காஜா பெராங்கில், கம்போங் செட்டியில், கண்ணம்மா தன் வீட்டு முன்னறையைக் கொடுத்தாள். கண்ணம்மாவுக்குப் பெயர் தமிழ், கும்பிடும் சாமியும் தமிழ்நாட்டுச் சாமி. பேச்சு மட்டும் மலாய், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே தங்கிவிட்ட செட்டிகள் எல்லோரையும் போல. துரை அவளைப் 'பீபி' என்று மரியாதையாகக் கூப்பிடுவார். அவளுக்கு அவர் 'துவான்'. இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

அந்த முன்னறையில்தான் போன மழைக்காலத்தில் மார்த் இறந்துபோனாள். முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். கடைசியில் ஒரு காய்ச்சல் வந்து கொண்டுபோய்விட்டது. பாதிரியார் வந்து அடக்கம் செய்தார். துரை அழுதார், அழவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் துக்கத்தோடு துக்கமாக இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. அவள் போன மறுவாரத்திலிருந்து தட்டில் சோறு குறைந்துவிட்டது. முன்பு ஒரு சின்னக் குவியலாவது இருக்கும். இப்போது ஒரு பிடி. "ஜப்பான்காரன் ஆளுக்குப் பாதியாக வெட்டிவிட்டான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

தை பிறக்க இருந்தது. கண்ணம்மா ஒருநாள் காலையில் அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"துவான், இந்த வருஷம் பார்ச்சுல மேடத்துக்கும் ஒரு இலை போடப்போறேன்."

போகியன்று செட்டி வீடுகளில் செத்தவர்களுக்குச் சோறு போடுவார்கள். அதுதான் பார்ச்சு. பொழுது சாயும்முன் கூடத்தில் வரிசையாக வாழையிலை விரித்து, உயிரோடு இருந்தபோது யாருக்கு எது பிடிக்குமோ அதை அவரவர் இலையில் வைப்பார்கள். சாம்பிராணி போட்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே செத்தவர்கள் சாப்பிடுவார்கள். அவர்கள் சாப்பிட்டு முடித்தபின் அந்த இலைகளில் இருப்பவர்கள் உட்காருவார்கள். பஞ்சமோ சண்டையோ, எந்தக் காலத்திலும் இதை நிறுத்தினது கிடையாது. கண்ணம்மா இதற்காகத் தன் வாயைக் கட்டிப் பிடி அரிசி சேர்த்து வைத்திருந்தாள்.

"நாங்க வேதக்காரங்க, பீபி" என்றார் துரை.

"அதனால என்ன? இந்தக் கூரைக்குக் கீழதான அவங்க உயிர் போச்சு? எங்க ஆளுங்க எல்லாம் உள்ள உக்காந்து சாப்பிடறப்ப அவங்க மட்டும் வாசல்ல நின்னு பாத்துட்டு இருக்கணுமா?" என்றாள் கண்ணம்மா. "அவங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க. கிடைக்கிறத வச்சுச் செஞ்சிடறேன். பிடிச்சது இலையில இல்லைன்னா வெறும் வயித்தோடதான் திரும்பிப் போவாங்க."

துரை வாயைத் திறந்தார்.

சைகோன் வாத்துதான் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர் நண்டு வந்தது. கடற்கரை ஓட்டல் மீனும் வெண்ணெயுமாக வந்து நின்றது. அந்த மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தது யார் யாரோ துரைமார்கள். மார்த் வீட்டில் இருப்பாள். வீட்டுச் சாப்பாடு என்றால் துரைக்கு எப்போதுமே ஓர் இளக்காரம். நல்ல சாப்பாடு வெளியில்தான் கிடைக்கும், வீட்டில் தின்பது வயிற்றை ஏமாற்றத்தான் என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்வார். அவளும் சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி போடுவாள். கோழி சமைத்தால் தொடை இவருக்கு. அவள் எதை எடுத்துக்கொள்வாள்? அவள் தட்டைக் கண்ணுக்குள் கொண்டுவரப் பார்த்தார். அப்படியொரு தட்டே வரவில்லை. "நான் சாப்பிட்டாயிற்று" என்ற குரல் மட்டும்தான் வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன், பீபி" என்றார். மக்கான் துவானுக்குச் சாப்பாட்டு விஷயத்தில் யோசனை வேண்டியிருந்தது கண்ணம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். அடுப்படிக்குப் போனாள்.

யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அப்பாசாமியின் நினைவு வந்தது. பங்களாவில் அத்தனை வருஷமும் அவன்தானே சமையல்காரன்? அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? போகிக்கு முந்தின நாள் விடிந்ததும் துரை குருபோங்கிற்கு நடக்கத் தொடங்கினார். முன்பெல்லாம் காரில் போன வழி. இப்போது நின்று நின்று, மூச்சு வாங்கி, மரத்துக்கு மரம் பிடித்துக்கொண்டு போனார். வழியில் சிப்பாய் நின்ற இடத்தில் இடுப்பு ஒடியக் குனிந்து கும்பிட்டார்.

தோட்டத்தின் பழைய குடியிருப்பில் பாதி வீடுகள் காலி. ஆண்களைச் சயாமுக்கு ரயில் போட அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாசாமியின் மகனும் அதில் போனவன்தான், திரும்பவில்லை. அப்பாசாமி வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி கொத்திக்கொண்டிருந்தார். துரையைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"தொரை! என்னங்க தொரை, இப்படி எளச்சிப் போயிட்டீங்க? அம்மா எப்படி இருக்காங்க?"

துரை சொன்னார். தோட்டத்தில் பழகிய கரடுமுரடான தமிழில், இரண்டே சொல்லில் சொன்னார். அப்பாசாமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார். துரை தான் வந்த காரியத்தை எடுத்தார்.

"அப்பாசாமி, அம்மாவுக்கு என்னா சாப்பாடு புடிக்கும்? ஒனக்குத் தெரியும். சொல்லு."

அப்பாசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியலயே தொரை" என்றார். "காலம்பற வந்து இன்னிக்கு என்னா ஆக்கணும்னு சொல்லுவாங்க. எல்லாம் ஒங்களுக்குப் புடிச்சதுதான். தொரைக்கு ஈரல் வேணும், தொரைக்குக் காரம் ஆவாது, தொரைக்கு அது, தொரைக்கு இதுன்னுதான் சொல்லுவாங்க. தனக்குன்னு ஒரு நாளு கேட்டதில்ல."

"சனிக்கெழம? நான் வெளிய சாப்பிடப் போவேனே. அன்னிக்கு?"

"அன்னிக்கு அடுப்பு பத்த வைக்க வேணாம்னு சொல்லிருவாங்க தொரை. எனக்கும் லீவு கெடச்சிரும். நானும் பசார் பக்கம் போயிருவேன்" என்றார் அப்பாசாமி. "அம்மா நீங்க சாப்பிட்டீங்களான்னு நானும் கேட்டதில்லையே."

இருவரும் அந்தக் கிழங்குக் கொல்லையில் நின்றார்கள். உலகத்தில் அவளுக்குச் சமைத்துப் போட்டவனும் கட்டிக்கொண்டவனும் இவர்கள்தான். இவர்களுக்கே தெரியாவிட்டால் இனி யாரைக் கேட்பது? கடல் கடந்து அவள் பிறந்த ஊருக்குப் போனால் தெரியலாம். அந்த ஊர் இருக்கிறதோ இல்லையோ.

வெறுங்கையோடு அனுப்ப அப்பாசாமிக்கு மனசில்லை. உள்ளே போய் ஒரு வாத்து முட்டையைக் கொண்டுவந்து துரையின் கையில் வைத்தார். "ஞாயித்துக்கெழம அம்மா அவங்க கையாலயே முட்டை பொரிப்பாங்க. அத மட்டும் என்னைச் செய்ய விடமாட்டாங்க. அதையே வச்சிப் பாருங்க தொரை."

திரும்பும் வழியில் வெயில் ஏறிவிட்டது. ஒரு மரத்தடியில் உட்கார்ந்தவர் முட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கனமான முட்டை. பச்சையாக உடைத்து வாயில் ஊற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஓட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தக்கூடப் பார்த்தார். பிறகு வெட்கம் பிடுங்கித் தின்ன, அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தார். இதுவரை அவர் அவளுக்கென்று பட்டினி கிடந்தது அந்த நடை ஒன்றுதான்.

"முட்டை" என்று கண்ணம்மாவிடம் நீட்டினார். "அவளுக்கு முட்டைதான் பிடிக்கும், பீபி. பொரிச்சு வச்சா போதும்."

கண்ணம்மா முட்டையை வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"முட்டையா? அவங்களுக்கு முட்டை ஆகாதே, துவான். என் கோழி முட்டையிட்டுக்கிட்டு இருந்தப்ப அவங்களுக்குன்னு ஒண்ணு கொடுத்தேன். எனக்கு முட்டை ஒத்துக்காது, அவருக்கு ரொம்பப் பிடிக்கும்னு சொல்லிப் பொரிச்சு உங்க தட்டுல வச்சாங்களே."

அந்த முட்டை துரைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஓரம் முறுகலாக, நடுவில் இளக்கமாக இருந்தது. அவளுக்கு முட்டை உண்மையிலேயே ஆகாதா, இல்லை அன்றைக்கு மட்டும் ஆகாமல் போனதா என்பது அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தும் தெரியவில்லை.

"அப்ப அவ என்னதான் சாப்பிட்டா, பீபி? இந்த வீட்டுல?"

கண்ணம்மா சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினாள். பிறகு சொல்லிவிட்டாள்.

"ரேஷன் குறைஞ்சிடுச்சு குறைஞ்சிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க. ரேஷன் குறையலை, துவான். ஆளுக்கு அரிசி அளவு அப்பவும் இதேதான். ரெண்டு பங்கையும் உங்க தட்டுல போட்டுட்டு, அவங்க அடுப்படியில என்கூட உக்காந்து கிழங்குத் தோலச் சுரண்டித் தின்னாங்க. பிடிச்சிருக்குன்னு சொல்லித்தான் தின்னாங்க. அதைக் கொண்டுபோய் இலையில வைக்க எனக்கு மனசு வரலை."

துரை கையிலிருந்த முட்டையைப் பார்த்தார். அவளைக் கொன்றது காய்ச்சல் இல்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்டே கொன்றிருக்கிறார், நாளுக்கு ஒரு பிடியாக. கண்ணம்மா அவர் கையிலிருந்த முட்டையை மெல்ல எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வேறு என்ன செய்வாள்? வைப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

மறுநாள் கூடத்தில் இலைகள் விரிந்தன. கண்ணம்மாவின் அண்ணன் சின்னப்பா சாம்பிராணி போட்டு, செத்துப்போன தாத்தாக்களையும் அத்தைகளையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கடைசி இலை வந்ததும் நாக்கு புரளாமல் "மாத்தா" என்று கூப்பிட்டார். அந்த இலையில் ஒரு பிடி சோறு, கொஞ்சம் மிளகாய்ச் சம்பல், ஓரம் முறுகலாகப் பொரித்த வாத்து முட்டை. எல்லோரும் வெளியே வந்தார்கள். சின்னப்பா கதவைச் சாத்தினார்.

துரை கதவோரம் நின்றார். வா மார்த், இன்றைக்காவது சாப்பிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். ஆனால் கதவிடுக்கு வழியாக முட்டை மணம் வந்தது. வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி இரைந்தது. அவள் வந்தாலும் என்ன செய்வாள் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. இலையைப் பார்ப்பாள், அவருக்குப் பிடித்ததாயிற்றே என்பாள், நான் சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

கதவு திறந்தது. அவரவர் தங்கள் பெரியவர்களின் இலையில் உட்கார்ந்தார்கள். கடைசி இலை துரைக்கு.

"எனக்கு வேணாம், பீபி."

"அடாட், துவான். எங்க வழக்கம். இலைய மீதி வைக்கக் கூடாது" என்றாள் கண்ணம்மா. "அவங்க சாப்பிட்டாச்சு."

அந்த வார்த்தை அவர் நெஞ்சில் போய்க் குத்தியது. உட்கார்ந்தார். ஒரு வாய் மட்டும் என்று எடுத்தார். அப்புறம் கை அவர் சொன்னபடி கேட்கவில்லை. முட்டை போயிற்று, சோறு போயிற்று, சம்பலை விரலால் வழித்து நக்கினார். கண்ணீர் வழிந்து இலையில் விழுந்தது. அதையும் சேர்த்தே வழித்தார். ருசியாக இருந்தது, அதை அவரால் பொறுக்க முடியவில்லை. சைகோனிலும் சிங்கப்பூரிலும் இவ்வளவு ருசியாக எதையும் அவர் தின்றதில்லை.

கண்ணம்மா இலையை எடுக்கக் குனிந்தாள். துரை அதை விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பீபி, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்.